பீரியட்ஸ் வலிக்கு எலக்ட்ரோ அக்குபங்சர்: முதல் தடவை போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஊசின்னாலே பயம், இதுல கரண்ட் வேறயா?" எலக்ட்ரோ அக்குபங்சர்னு சொன்ன உடனே எல்லாரும் கேக்கற கேள்வி இதுதான். நானும் இதையேதான் கேட்டேன். மாசாமாசம் முதல் ரெண்டு நாள் அடிவயிறு சுண்டி இழுக்கும், இடுப்பு கழண்டு போற மாதிரி இருக்கும், வலி தொடை வரைக்கும் இறங்கும், கூடவே வாந்தி வேற, இப்படியே பல வருஷம் ஓட்டிட்டு கடைசியா மூணு மாசம் இந்த சிகிச்சை எடுத்துப் பாத்தேன். போறதுக்கு முன்னாடி யாராவது இதெல்லாம் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமேன்னு தோணின விஷயங்களைத்தான் வரிசையா எழுதறேன்.

முதல்ல இது என்னன்னு சுருக்கமா. சாதாரண அக்குபங்சர்ல போடற அதே மெல்லிசான ஸ்டீல் ஊசிதான், பெரும்பாலும் 0.25 இல்லன்னா 0.30 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், மருந்து ஏத்தற ஊசி மாதிரி உள்ள ஓட்டையெல்லாம் கிடையாது. அதைப் போட்ட பிறகு ரெண்டு ரெண்டு ஊசியா ஜோடி சேத்து, ஊசித் தலையில சின்ன கிளிப் மாட்டி, பேட்டரியில ஓடற ஒரு குட்டி மெஷின்ல இருந்து ரொம்ப கம்மியான கரண்ட்டைத் துடிப்பு துடிப்பா விடுவாங்க. கையால ஊசியை சுழட்டி சுழட்டி தூண்டறதுக்கு பதிலா அந்த வேலையை மெஷின் பண்ணுது, அவ்வளவுதான். ஊசியில மின்சாரம் விடறது புது யோசனையும் இல்ல, 1825லயே பிரான்ஸ்ல சார்லாந்தியேர்னு ஒரு டாக்டர் இதைப் பத்தி புத்தகம் எழுதியிருக்கார். இப்ப நாம பாக்கற முறை 1950கள்ல சீனாவுல வளர்ந்தது.

வலி ஏன் வருதுன்னும் தெரிஞ்சுக்கணும், அப்பதான் இதுல எது நடக்கும் எது நடக்காதுன்னு புரியும். பீரியட்ஸ் வர்ற சமயத்துல கர்ப்பப்பையோட உள்சுவர்ல இருந்து ப்ரோஸ்டாகிளாண்டின்னு ஒரு வேதிப்பொருள் வெளியாகுது, அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிடிக்க வைக்குது, அந்த இறுக்கத்துல ரத்த ஓட்டம் குறைஞ்சு வலி கிளம்புது. வாந்தி, பேதி, தலைவலி எல்லாத்துக்கும் பின்னாடி இதே ஆள்தான். ஊசி போடற இடங்கள்ல இருந்து வர்ற நரம்புகள்ல சிலதும் கர்ப்பப்பையில இருந்து வர்ற நரம்புகளும் தண்டுவடத்துல பக்கத்துப் பக்கத்துலயே போய்ச் சேருது, அதனால ஊசித் தூண்டல் அங்க வலிச் செய்தியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும்ங்கறது ஒரு விளக்கம். இன்னொண்ணு, உடம்பே சுரக்கற வலி நிவாரணிகள். பெய்ஜிங்ல ஹான் ஜிஷெங்னு ஒரு விஞ்ஞானி பல வருஷமா இதை ஆராய்ஞ்சிருக்கார், செகண்டுக்கு 2 துடிப்பு, அதாவது 2 ஹெர்ட்ஸ் விட்டா என்கெஃபலின், எண்டார்ஃபின் வகையும், 100 ஹெர்ட்ஸ் விட்டா டைனார்ஃபினும் அதிகமாகுதுன்னு அவர் குழு காட்டினாங்க. அதனாலதான் நிறைய மெஷின்ல 2ம் 100ம் மாறி மாறி வர்ற மாதிரி ஒரு செட்டிங் இருக்கும்.

படி 1: இது எந்த வலின்னு முதல்ல பாருங்க

இதைத் தாண்டிட்டு நேரா ஊசிக்குப் போயிடாதீங்க, தயவு செஞ்சு. பீரியட்ஸ் வலியில ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, வயசுக்கு வந்து ஓரிரு வருஷத்துக்குள்ள ஆரம்பிச்சு, ரத்தம் வர்றதுக்கு சில மணி நேரம் முன்னாடியோ வந்த உடனேயோ தொடங்கி, ரெண்டு மூணு நாள்ல தானா அடங்கற வலி, இதுக்குப் பின்னாடி வேற நோய் எதுவும் இருக்காது. இன்னொண்ணு, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சுவர் மாதிரியான திசு வெளிய வளர்றது), அடினோமயோசிஸ் (அந்தத் திசு கர்ப்பப்பைத் தசைக்குள்ளயே வளர்றது), ஃபைப்ராய்டு கட்டி, உள்ள இன்ஃபெக்‌ஷன் மாதிரி ஏதாவது ஒரு காரணத்தால வர்ற வலி. இந்த ரெண்டாவது வகையில ஊசி போட்டு வலியை மட்டும் அமுக்கிக்கிட்டே இருந்தா உள்ள இருக்கறது பாட்டுக்கு வளர்ந்துக்கிட்டே இருக்கும்.

அதனால கீழ சொல்றதுல எது இருந்தாலும் முதல்ல பெண்கள் டாக்டரைப் பாருங்க: இத்தனை வருஷம் இல்லாம 25, 30 வயசுக்கு மேல புதுசா வலி ஆரம்பிச்சா, வருஷத்துக்கு வருஷம் வலி கூடிக்கிட்டே போனா, பீரியட்ஸ் முடிஞ்ச பிறகும் வலிச்சா, பேட் ஒரு மணி நேரத்துலயே நனைஞ்சு மாத்த வேண்டி வந்தா, உடலுறவு அப்பவோ, பீரியட்ஸ் நாள்ல மலம் சிறுநீர் போறப்பவோ வலிச்சா, காய்ச்சலோ நாத்தம் அடிக்கற வெள்ளைப்படுதலோ இருந்தா, குழந்தைக்கு முயற்சி பண்ணி நிக்காம இருந்தா. ஒரு விஷயம் கூடுதலா சொல்லணும், ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலைன்னா எண்டோமெட்ரியோசிஸ் இல்லவே இல்லன்னு அர்த்தம் ஆகாது, பல சமயம் சாதாரண ஸ்கேன்ல அது தெரியாது. "பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும்"னு யாராவது அனுப்பி விட்டா வேற டாக்டரைப் பாருங்க, அந்த பதிலோட திரும்பி வந்துடாதீங்க.

படி 2: யார் யார் போகக் கூடாது

பேஸ்மேக்கரோ, நெஞ்சுக்குள்ள வேற மின்கருவியோ வச்சிருக்கறவங்க கரண்ட் பக்கமே போகக் கூடாது. கர்ப்பமா இருக்கறவங்களும், இருக்கலாம்னு சந்தேகம் இருக்கறவங்களும் கூடாது, ஏன்னா இந்த வலிக்குப் போடற அடிவயிறு, இடுப்பு எலும்பு, கணுக்காலுக்கு மேல இருக்கற இடங்கள் எல்லாமே கர்ப்பத்துல தவிர்க்கணும்னு சொல்ற இடங்கள். அதனால தேதி தள்ளிப் போயிருந்தா வீட்டுலயே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு அப்புறம் போங்க. வலிப்பு நோய் இருந்தா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா, ரத்தம் சீக்கிரம் உறையாத பிரச்சனை இருந்தா உங்க டாக்டர்கிட்ட கேக்காம போகாதீங்க. நிக்கல் அலர்ஜி இருக்கறவங்க, அதாவது கவரிங் கம்மல் போட்டா காது புண்ணாகற ஆளுங்க, முன்னாடியே சொல்லிடுங்க, ஸ்டீல் ஊசியில நிக்கல் இருக்கும். காப்பர் டி போட்டிருந்தா அதையும் சொல்லுங்க, அதுவே சிலருக்கு வலியைக் கூட்டும்.

படி 3: ஒரு நோட்டு போடுங்க

சிகிச்சை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குறைஞ்சது ஒரு மாசமாவது, முடிஞ்சா ரெண்டு மாசம், வலியை எழுதி வைங்க. 0ன்னா வலியே இல்ல, 10ன்னா இதுக்கு மேல தாங்க முடியாது, இந்தக் கணக்குல அன்னைக்கு உச்சமா எவ்வளவு, எத்தனை மணி நேரம், எத்தனை மாத்திரை போட்டீங்க, லீவு போட்டீங்களான்னு நாலே நாலு விஷயம் போதும், போன்லயே குறிச்சுக்கலாம். இது ஏன் முக்கியம்னா வலி போன பிறகு மனசு அதை சின்னதா ஆக்கிடும், இல்ல பெருசா ஆக்கிடும். எனக்கு ரெண்டாவது மாசம் "ஒண்ணும் மாறலையே"ன்னுதான் தோணுச்சு, நோட்டை எடுத்துப் பாத்தா போன தடவை ஆறு மாத்திரை, இந்தத் தடவை மூணு. எழுதி வைக்காம இருந்திருந்தா அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

படி 4: எவ்வளவு எதிர்பாக்கலாம்

இதுல நான் உண்மையை அப்படியே சொல்லிடறேன். காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசற ஒரு அமைப்பு இருக்கு, 2016ல வந்த அவங்க ஆய்வறிக்கை 42 ஆய்வுகள், 4640 பெண்களோட தகவலைச் சேத்து வச்சுப் பாத்துச்சு, பீரியட்ஸ் வலிக்கு அக்குபங்சர் வேலை செய்யுதுன்னு உறுதியா சொல்ற அளவுக்கு ஆதாரம் பத்தாது, ஆய்வுகளோட தரம் ரொம்ப கம்மின்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம், 2017ல, நியூசிலாந்துல 74 பெண்களை வச்சு ஒரு சின்ன ஆய்வு வந்துச்சு. அவங்களை நாலு குழுவா பிரிச்சு, கையால தூண்டறது, கரண்ட்டால தூண்டறது, இது ஒவ்வொண்ணுலயும் பீரியட்ஸுக்கு முந்தின வாரத்துலயே மூணு தடவையும் வந்த முதல் ரெண்டு நாளுக்குள்ள ஒரு தடவையும் வர்றவங்க, வாரத்துக்கு ஒரு தடவையா பரவலா வர்றவங்கன்னு வச்சாங்க. மூணு மாசம், மொத்தம் 12 தடவை. நாலு குழுவுலயும் வலி குறைஞ்சுது, ஒரு வருஷம் கழிச்சும் அந்தக் குறைவு இருந்துச்சு, ஆனா குழுவுக்குக் குழு வலியில பெரிய வித்தியாசம் இல்ல, மாத்திரை போடறது மட்டும் கையால தூண்டின குழுவுல இன்னும் கம்மியாச்சு. ஊசியே போடாத குழு அந்த ஆய்வுல இல்லங்கறதால வலி குறைஞ்சதுல ஊசிக்கு எவ்வளவு பங்குன்னு அதை வச்சு சொல்ல முடியாது.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது ரெண்டு. ஒண்ணு, கரண்ட் வச்சாதான் பலன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கரண்ட் பயமா இருந்தா கையாலயே பண்ணச் சொல்லுங்க, எதையும் இழக்க மாட்டீங்க. ரெண்டு, இது மாத்திரைக்கும் வெந்நீர் பைக்கும் பக்கத்துல வைக்கற ஒரு துணை, அதெல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு இதுக்கு வரணும்னு இல்ல. இபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட் மாதிரி மாத்திரைகள் அந்த ப்ரோஸ்டாகிளாண்டின் உருவாகறதையே குறைக்குது, அதுக்கு ஆதாரம் நிறைய இருக்கு, வலி உச்சிக்குப் போறதுக்கு முன்னாடி, சாப்பிட்டுட்டு போட்டா நல்லா கேக்கும். அல்சர், கிட்னி பிரச்சனை, ஆஸ்துமா இருக்கறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுட்டுப் போடணும். அடிவயித்துல சூடு வைக்கறதும் லேசுப்பட்ட வைத்தியம் இல்ல, ஆய்வுலயே நல்லா நிக்குது.

படி 5: ஆளைத் தேர்ந்தெடுக்கறது

முறைப்படி படிச்சு, உங்க ஊர் சட்டப்படி லைசென்ஸோ பதிவோ இருக்கற ஆளா இருக்கணும், அதுவும் கரண்ட் மெஷின்ல பயிற்சி இருக்கணும். போன்லயே கேளுங்க, தப்பே இல்ல. ஒரு தடவை மட்டும் பயன்படுத்தற ஸ்டெரைல் ஊசிதானா, உங்க கண்ணு முன்னாடியே பாக்கெட்டைப் பிரிப்பாங்களா, பீரியட்ஸ் வலிக்கு முன்னாடி பாத்திருக்காங்களா. அடிவயித்துலயும் பின் இடுப்புலயும் போட வேண்டி வரும்ங்கறதால பெண் தெரபிஸ்ட் வேணும்னாலோ, கூட ஒரு ஆள் இருக்கணும்னாலோ முன்னாடியே சொல்லிடுங்க. "மாத்திரையெல்லாம் இன்னையோட நிறுத்துங்க, கட்டி கூட இதுலயே கரைஞ்சிடும்"னு சொல்ற இடத்துல உக்காராதீங்க.

படி 6: தேதி

வலியில துடிக்கறப்பதான் போகணும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. வலி அன்னைக்குப் போறதும் சிலருக்கு அப்பவே கொஞ்சம் இதமா இருக்கும், ஆனா பெரும்பாலும் பீரியட்ஸுக்கு முந்தின வாரத்துலயே ஆரம்பிக்கறாங்க. 28 நாள் கணக்கா வர்றவங்களுக்கு, பீரியட்ஸ் வந்த முதல் நாள்ல இருந்து எண்ணி 22, 24, 26வது நாள், அப்புறம் வந்த முதல் ரெண்டு நாளுக்குள்ள ஒண்ணு, இப்படி ஒரு சுற்றுக்கு நாலு. தேதி முன்ன பின்ன ஆகறவங்க மண்டையைக் குழப்பிக்க வேணாம், வாரம் ஒண்ணுன்னு வச்சுக்கோங்க. மூணு சுற்று பாக்காம முடிவு பண்ணாதீங்க.

படி 7: போற அன்னைக்கு

வெறும் வயித்தோட போகவே கூடாது. முதல் தடவை எனக்கு குமட்டலா இருந்துச்சுன்னு ஒண்ணுமே சாப்பிடாம போய்ட்டேன், நாலாவது ஊசி போடறப்ப காது அடைச்சு, நெத்தி ஜில்லுன்னு வேர்த்து, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துடுச்சு. உடனே ஊசியெல்லாம் எடுத்துட்டு காலைத் தூக்கி வச்சு தண்ணி குடுத்தாங்க, பத்து நிமிஷத்துல சரியாச்சு. ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி லேசா ஏதாவது சாப்பிட்டுட்டு, முட்டி வரைக்கும் தூக்கி விடற மாதிரி தொளதொளன்னு பேண்ட் போட்டுட்டுப் போங்க. படுக்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா பாத்ரூம் போயிட்டு வந்துடுங்க, அடிவயித்துல ஊசி போடறப்ப மூத்திரப்பை காலியா இருக்கணும்.

படி 8: படுக்கையில என்ன நடக்கும்

இடம் ஆளுக்கு ஆள் மாறும், ஆனா ஒரு இடம் அநேகமா எல்லாருக்கும் வரும். உள்பக்கக் கணுக்கால்ல முட்டிக்கிட்டு நிக்கற எலும்பு இருக்குல்ல, அதோட உச்சியில உங்க சுண்டு விரலை வச்சு நாலு விரலையும் சேத்து மேல வைங்க, ஆள்காட்டி விரல் முடியற இடத்துல கால் எலும்போட பின் ஓரத்தை அழுத்திப் பாருங்க, பீரியட்ஸ் நெருங்கறப்ப அங்க தொட்டாலே நோகும். சீனத்துல இதுக்குப் பேர் சான்யின்ஜியாவ், சீன வைத்தியம் சொல்ற யின் சக்திப் பாதைகள்ல மூணு கூடற இடம்னு அர்த்தம். இது தவிர தொப்புளுக்கு நாலு விரல் கீழ ஒண்ணு, முழங்காலுக்குக் கீழ ஒண்ணு ரெண்டு, குப்புறப் படுக்க வச்சா பின் இடுப்புல இருக்கற தட்டை எலும்புல ரெண்டு பக்கமும்.

ஊசி இறங்கறப்ப எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னு இருக்கும், அப்புறம் உள்ள கனமா, மந்தமா, லேசா கடுக்கற மாதிரி ஒரு உணர்வு வரும், அது வர்றதுதான் சரி. மாறா ஷாக் அடிச்ச மாதிரி விரல் நுனி வரைக்கும் சுளீர்னு ஓடினாலோ, எரிஞ்சாலோ உடனே சொல்லணும், நரம்புப் பக்கத்துல போயிருக்கலாம், லேசா வெளிய இழுத்தா சரியாயிடும்.

அடுத்தது கிளிப். மெஷின் திருகு எல்லாம் பூஜ்யத்துல இருக்கான்னு பாத்துட்டுதான் மாட்டணும், ஒரு ஜோடி ஒயர் நெஞ்சுக்குக் குறுக்க போற மாதிரி இருக்கக் கூடாது. அப்புறம் மெதுவா திருகுவாங்க. முதல்ல ஒண்ணுமே தெரியாது, அப்புறம் எங்கயோ தூரத்துல யாரோ தட்டற மாதிரி டொக் டொக்னு ஒரு துடிப்பு, இன்னும் கொஞ்சம் ஏத்தினா ஊசித் தலை கிளிப்போட சேந்து தலையாட்டும், செகண்டுக்கு ரெண்டு தடவை, கெண்டைக்கால் தானா வெடுக் வெடுக்னு துள்ளும், அதைத் தலையைத் தூக்கிப் பாக்கறப்ப அது உங்க காலே இல்ல போல இருக்கும். 100 ஹெர்ட்ஸுக்கு மாறினா துள்ளல் போயிட்டு ஒரே ரீங்காரமா, கால் மரத்துப் போய் விடறப்ப வர்ற குறுகுறுப்பு மாதிரி இருக்கும்.

இங்கதான் நான் பண்ணின தப்பு. ரெண்டாவது தடவை திருகை ஏத்திக்கிட்டே வந்தாங்க, வலிக்க ஆரம்பிச்சுது, நான் வாயைத் திறக்கல, படுக்கை விரிப்பைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் படுத்திருந்தேன். வலியைத் தாங்கித் தாங்கியே பழகினதால இதையும் தாங்கினாதான் குணமாகும்னு நினைச்சுட்டேன். ரெண்டு நாள் கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டு நொண்டினதுதான் மிச்சம். கரண்ட் தெரியணும், ஆனா வலிக்கக் கூடாது, நல்லா தெரியுது ஆனா இதமா இருக்குன்னு சொல்ற அளவே போதும். "கொஞ்சம் குறைங்க"ன்னு சொல்றதுக்கு யார் அனுமதியும் வேணாம். பத்து நிமிஷத்துல உடம்பு பழகி துடிப்பு மங்கின மாதிரி தெரியும், அப்ப வேணும்னா கொஞ்சம் ஏத்தச் சொல்லலாம். மொத்தம் 20ல இருந்து 30 நிமிஷம். அது வரைக்கும் கையைக் காலை அசைக்காதீங்க, கூப்பிட்டா யாராவது வர்ற தூரத்துல இருக்காங்களான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. முடிஞ்சதும் மெஷினை அணைச்சுட்டுதான் கிளிப்பை எடுக்கணும், போட்ட ஊசி எத்தனையோ எடுத்த ஊசியும் அத்தனை இருக்கணும், எண்ணச் சொல்லுங்க.

படி 9: வீட்டுக்கு வந்த பிறகு

தூக்கம் தூக்கமா வரலாம், ஊசி போட்ட இடத்துல சின்னதா நீலம் கட்டலாம், சில நாள்ல போயிடும். உடனே எழுந்து ஓடாதீங்க, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு கிளம்புங்க. ஊசி இடம் சிவந்து வீங்கி சூடா இருந்தா, காய்ச்சல் வந்தா டாக்டரைப் பாருங்க. வலி வந்தா மாத்திரை போட்டுக்கோங்க, போட்டா சிகிச்சை கெட்டுடும்னு எல்லாம் இல்ல, எத்தனை போட்டீங்கன்னு மட்டும் நோட்டுல ஏத்துங்க.

ஊசியும் மெஷினும் வாங்கி வீட்டுலயே குத்திக்கலாமான்னு சிலர் கேக்கறாங்க. வேணாம், கண்டிப்பா வேணாம். வீட்டுல வேணும்னா டென்ஸ்னு ஒரு மெஷின் இருக்கு, ஊசி இல்லாம தோல்மேல ஒட்டற பேட் வழியா கரண்ட் விடும், அடிவயித்துலயோ பின் இடுப்புலயோ ஒட்டிக்கிட்டு, 50ல இருந்து 120 ஹெர்ட்ஸ் வரைக்கும் அதிவேகத்துல வச்சா பீரியட்ஸ் வலிக்குக் கேக்குதுன்னு ஆய்வுகள் இருக்கு. பேஸ்மேக்கர், கர்ப்பம், வலிப்புன்னு மேல சொன்ன எச்சரிக்கை இதுக்கும் உண்டு. ஊசிக்கே மனசு வராதவங்க இதுலயே ஆரம்பிக்கலாம், நான் தங்கைகிட்ட இதைத்தான் முதல்ல குடுத்தேன்.

மூணு சுற்று முடிஞ்சதும் நோட்டைத் திறங்க. உச்ச வலி 8ல இருந்து 5க்கோ 4க்கோ வந்திருந்தா, மாத்திரை பாதியா குறைஞ்சிருந்தா, இடைவெளி விட்டு மாசம் ஒண்ணு ரெண்டுன்னு குறைச்சுப் பாருங்க. எனக்கு 9ல இருந்து 5க்கு வந்துச்சு, வாந்தி நின்னுடுச்சு, முதல் நாள் மட்டும் இன்னும் மாத்திரை வேணும். எண்ணிக்கை அப்படியே நின்னா இன்னும் மூணு மாசம் காசையும் நேரத்தையும் போடாதீங்க, அந்த நோட்டையே எடுத்துக்கிட்டு பெண்கள் டாக்டர்கிட்ட போங்க, மூணு மாசக் கணக்கு தேதியோட கையில இருந்தா அவங்களுக்கும் அடுத்து என்ன டெஸ்ட், ஹார்மோன் மாத்திரை தரலாமா, உள்ள கேமரா விட்டுப் பாக்கணுமான்னு முடிவு பண்ண சுலபமா இருக்கும்.